கணினி அறையும் ஆசிரியர் நாவும்

(தமிழ்ப்பற்றுடைய பள்ளியாசிரியர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

தமிழ் எங்கே தோற்கின்றது என்று வினவினால், கோட்டையில் என்பார் சிலர். அறமன்றத்தில் என்பார் சிலர். கோயிற் கருவறையில் என்பார் வேறு சிலர். மூன்றும் உண்மையே. ஆயினும் இம்மூன்றுக்கும் முந்திய தோல்வி ஒன்று நாள்தோறும், எவர் கண்ணிலும் படாமல், சிற்றூர்ப் பள்ளியின் கணினி அறையில் நடந்துகொண்டிருக்கின்றது. அதற்கு எதிர்ப்பு ஊர்வலம் இல்லை. கண்டன அறிக்கை இல்லை. அது தோல்வியென்று தோற்றவர்க்கே தெரிவதில்லை.

தமிழ்நாட்டரசின் ஆறாம் வகுப்பு அறிவியல் நூலில் கணினிக்கெனப் பாடம் ஒதுக்கப்பட்டுள்ளது. அந்நூலில் விசைப்பலகை உண்டு, சுட்டி உண்டு, வன்பொருள், மென்பொருள், நினைவகம் எல்லாம் உண்டு. ஆனால், அந்நூலைக் கையில் பிடித்துக்கொண்டே ஆசிரியர், "மவுசைப் பிடி, கிளிக் பண்ணு, பைலை ஓப்பன் பண்ணு, சேவ் பண்ணு" என்கிறார். இத்தொடர்களில் "பிடி" என்பதும் "பண்ணு" என்பதுமே தமிழ். அவையும் ஆங்கிலச் சொற்களுக்குப் பின்னே ஏவலாள்போல் கைகட்டி வருகின்றன. பதினோர் அகவைக் குழந்தை இதிலிருந்து கற்றுக்கொள்வது கணினியை மட்டுமன்று. சுட்டி என்பது தேர்வுத்தாளில் எழுதுதற்குரிய சொல், மவுசு என்பது கையால் தொடும் பொருளுக்குரிய சொல் என்னும் வேறுபாட்டையும் அது கற்றுக்கொள்கின்றது. ஒன்று மதிப்பெண்ணுக்கு, மற்றொன்று வாழ்வுக்கு. இப்பாடத்தை எந்த நூலும் எழுதவில்லை. ஆசிரியர் நாவே எழுதுகின்றது.

இந்நிலையில் பழியை அரசின்மேல் முழுதும் சுமத்திவிட இயலாது. நூல் வந்துவிட்டது, சொல்லும் வந்துவிட்டது. இடையில் நிற்பவர் ஆசிரியர். அவர் வாய் திறந்தால் சொல் உயிர்பெறும். திறவாவிடில் அச்சிலேயே மாண்டுபோகும்.

"அறிவியலைத் தமிழில் சொல்ல முடியாது" என்று இன்றும் பேசுகின்ற ஆங்கில அடிமையர்க்கு, ஓர் அமெரிக்கர் 160 ஆண்டுகட்கு முன்னரே விடை கூறிவிட்டார். சாமுவேல் பிசுக்கு கிரீன் என்னும் மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணத்திற்கு வந்தார். கிறித்தவ ஊழியத்தின் பொருட்டு வந்தவர் அவர். அதை மறைக்கத் தேவையில்லை. மானிப்பாயில் மருத்துவம் பயிற்றத் தொடங்கியபோது முதலில் ஆங்கிலத்திலேயே பயிற்றினார். ஆனால் அவர் கண்டது என்ன? ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற இளைஞர் சம்பளம் மிகுதியாகக் கிடைக்கும் இடம் தேடிப் போய்விட்டனர். எவ்வூர் மக்களுக்காகப் பயிற்றினாரோ அவ்வூரில் மருத்துவர் தங்கவில்லை. தமிழில் கற்றவனே தன் ஊரில் தங்குவான், தன் மக்களோடு பேசுவான் என்று அவர் தெளிந்தார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் பயிற்றத் தலைப்பட்டார்.

அம்மாற்றத்தை முதலில் விரும்பாதவர் யார் தெரியுமா? தமிழ் மாணவர்களே! ஆங்கிலம் கிடைக்காமற் போய்விடுமே என்று அவர்கள் கலங்கினர். வெள்ளையர் தமிழில் பாடம் நடத்த முன்வருகிறார். தமிழன் எனக்கு ஆங்கிலம் கொடு என்று அழுகிறான். இக்காட்சியைத் தமிழன் மறவாமல் நெஞ்சில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். கிரீன் தளரவில்லை. உடற்கூறு, அறுவை, மகப்பேறு, வேதியியல் எனத் துறைதோறும் ஆங்கில நூல்களைத் தமிழாக்கினார். மாணவர்களையும் உடன் சேர்த்துக்கொண்டு 4000 பக்கங்களுக்கு மேல் தமிழில் மருத்துவம் எழுதுவித்தார். 60க்கும் மேற்பட்ட மருத்துவரைப் பயிற்றினார். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ்வழியே கற்றவர். 1884இல் தம் நாட்டில் மறைந்தபோது, தமிழர்க்குத் தொண்டு செய்த மருத்துவர் என்பதே தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பமாக இருந்தது.

அவர் இட்ட பெயர்கள் தூய தமிழல்ல. "அங்காதிபாதம்" என்றார், "இரண வைத்தியம்" என்றார், வேதியியலுக்குக் "கெமிஸ்தம்" என்றே பெயரிட்டார். மறைமலையடிகள் தோன்றுதற்கு முற்பட்ட காலம் அது. வடசொற் கலப்பே புலமையென்று கருதப்பட்ட காலம். இன்று உடற்கூற்றியல் என்றும், அறுவை மருத்துவம் என்றும், வேதியியல் என்றும் சொல்லுகிறோமென்றால், அச்சொற்களைப் பெற்றதற்குப் பின்னும் பாடத்தைத் தமிழில் நடத்தத் தயங்குவது எத்துணைப் பெரிய நாணக்கேடு! கலப்புச் சொல்லை வைத்துக்கொண்டே கிரீன் அறுவை மருத்துவம் பயிற்றினார். தூய சொல்லை வைத்துக்கொண்டு இற்றை ஆசிரியர் சுட்டியைக்கூடச் சுட்டத் தயங்குகிறார்.

ஈழத்தில் அவ்வழி தொடர்ந்தது. இயற்பியலும் கணக்கும் உயிரியலும் பல்கலைக்கழக வாயில்வரை தமிழிலேயே பயிலும் நிலை அங்குத் தலைமுறை தலைமுறையாக உள்ளது. அவர்கள் பௌதிகவியல் என்றும் இரசாயனவியல் என்றும் வழங்குவது தனித்தமிழர் செவிக்கு உறுத்தலே. எனினும் அங்கு ஆசிரியர் வகுப்பில் சொல்லும் சொல்லும் நூலிலுள்ள சொல்லும் ஒன்றாகவே இருந்துவந்துள்ளன.

தமிழகத்தில் சொல்லாக்க முயற்சி இல்லாமலில்லை. மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்ட அதே 1916இல் சேலத்தில் அறிவியற் சொல்லாக்கத்திற்கெனக் கழகம் ஒன்று தோன்றியது. அதனை முன்னின்று தொடங்கியவருள் இராசாசியும் ஒருவர். 1938இல் கலைச்சொல் தொகுதி வெளிவந்தது. 1954 தொட்டு 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியம் வந்தது. கோவையிலிருந்து கலைக்கதிர் வந்தது. 1960இல் கோவை அரசு கலைக்கல்லூரியில் பட்டப்படிப்பிற்குத் தமிழ் பயிற்றுமொழியாயிற்று. கல்லூரிப் பாடநூல்கள் பல நூறு அச்சாயின. அவற்றுள் மிகப்பல பேரளவில் படிக்கப்படாமல் நூலக அடுக்குகளில் தூசு படிந்து கிடந்தன. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கியது. பின்னர்ப் பல ஆண்டுகளில் அவ்விடங்கள் நிரம்பாமலே நின்றன. வேலை கிடைக்காது என்னும் அச்சம் ஒரு கரணியம். மற்றொரு கரணியமும் உண்டு. பள்ளியில் பன்னீராண்டு படித்தும் அச்சொற்களை ஆசிரியர் வாயிலிருந்து கேட்டறியாத மாணவன், கல்லூரியில் திடுமென அவற்றைக் கண்டால் அயன்மொழியைக் கண்டதுபோல் மருள்கிறான். அடித்தளத்தில் செங்கல் வையாமல் மாடியில் ஓடு வேய்ந்தால் நிற்குமா?

தமிழ்ச்சொல்லின் ஆற்றலை ஆசிரியர் ஒருவர் வகுப்பிலேயே ஆய்ந்து பார்க்கலாம். "மெமரி" என்று சொல்லிவிட்டு, அது யாது என்று ஊர்ப்புறப் பிள்ளையிடம் வினவுக. விழிக்கும். "நினைவகம்" என்று சொல்லி வினவுக. "நினைவு வைத்திருக்கும் இடம்" என்று பாதி விடையைத் தானே கூறிவிடும். மின்சாரம் நின்றதும் மறந்துபோகும் நினைவகம் ஒன்று, நின்றாலும் மறவாத நினைவகம் ஒன்று என்று அதன்மேல் ஆசிரியர் கட்டியெழுப்பலாம். வன்பொருள், மென்பொருள் என்பனவும் அத்தகையவே: கையால் தொடுவது வன்மை, தொட இயலாதது மென்மை. சொல்லே முதல் ஆசிரியர். அதனை அப்புறப்படுத்திவிட்டு இரண்டாம் ஆசிரியர் தொண்டை வறளக் கத்துவதில் என்ன பயன்?

இதற்கு மறுப்பாக, "தொழில்நுட்பம் காற்றுப்போல் விரைகின்றது, சொல்லாக்கும் வரை அது நின்றிருக்குமா?" என்பர். ஐசுலாந்து என்னும் தீவைப் பார்க்க. அதன் மக்கள்தொகை நான்கிலக்கத்தையும் எட்டவில்லை. தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத்திற்கும் ஈடாகாது. கணினி அங்கு வந்தபோது 1960களிலேயே, எண் என்னும் பொருளுடைய தம் சொல்லையும், வருவதுரைக்கும் குறிகாரியைக் குறிக்கும் பழஞ்சொல்லையும் பிணைத்து "தேல்வா" என்னும் ஒலிப்பில் ஒரு சொல் படைத்தனர். தொலைபேசிக்கோ, இழை என்னும் பொருளில் என்றோ வழக்கொழிந்த சொல்லை எழுப்பி அமர்த்தினர். அங்கே குழந்தையும் அச்சொல்லையே வழங்குகின்றது. மீன் பிடிப்பவனும் அதையே வழங்குகிறான். நான்கிலக்கம் பேர்க்கு இயன்றது ஏழுகோடிப் பேர்க்கு இயலாதெனின், குறை மொழியிலா இருக்கின்றது? சிலப்பதிகாரம் மதுரை மதிலின் பொறிகளை வரிசைப்படுத்திய காலத்தில் தமிழன் எந்நாட்டு அகரமுதலியைப் புரட்டினான்?

தொழில்நுட்பம் என்றவுடன் கணினி ஒன்றையே எண்ணுவதும் ஓர் அடிமைப் பழக்கமே. ஊர்த் தச்சர் பட்டறைக்கு மாணவரை அழைத்துச்சென்ற ஆசிரியர் எத்துணைப் பேர்? மாட்டுவண்டி உருளையில் நடுவே குடம், குடத்திலிருந்து விரியும் ஆரக்கால், அவற்றைத் தாங்கும் வட்டை, ஊடுருவும் அச்சு, உருளை கழன்றோடாமற் காக்கும் கடையாணி. ஐந்து உறுப்பு, ஐந்து சொல். தறிக்குழியில் பாவும் ஊடையும். கொல்லர் உலையில் துருத்தி. கிணற்றில் கப்பி, ஏற்றத்தில் துலா. நெம்புகோலின் இயல்பை ஏற்றத்தின் துலாவைக் காட்டிலும் தெளிவாகக் காட்டும் படம் எந்த நூலிலுமில்லை. ஏற்றமும் மாட்டுவண்டியும் மறைந்துகொண்டே வருகின்றன. பெயரறிந்த முதியவர் மறைந்துவிட்டால் அப்பெயர்களும் உடன்மறையும். அவற்றை இன்றே குறித்துவைத்துக்கொள்ளும் ஆசிரியர், நாளைப் பொறிக்கு வேண்டிய சொற்களைச் சேமிக்கின்றார். கரணியம், புதுப்பொறியின் உறுப்புகளும் சுழல்வனவும் தாங்குவனவும் கோப்பனவுமே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொணர்தல் வேறு. குலத்தொழிலைப் பிள்ளைமேல் சுமத்தல் வேறு. 1953இல் அரைநாள் பள்ளி, அரைநாள் வீட்டுத்தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று தமிழர் அதனை அடையாளங் கண்டு எதிர்த்தனர். 1954இல் அது கைவிடப்பட்டது. 1916இல் சேலத்தில் அறிவியற் சொல்லுக்கு முன்னின்ற அதே இராசாசிதான் அத்திட்டத்தைக் கொணர்ந்தவர் என்பது எண்ணிப் பார்த்தற்குரியது. சொல்லைத் தமிழாக்கியவரே வாய்ப்பைக் குலத்தால் வரம்பிட்டார். தச்சர் மகனும் உழவர் மகளும் ஆசிரியர் மகனும் ஒரே பட்டறையில், ஒரே விசைப்பலகையில் கற்கும் கல்வியே தமிழர்க்கு வேண்டுவது.

இனி, விசைப்பலகை. இதனை விரித்துரைத்தல் வேண்டும். இங்கேதான் தமிழாசிரியர்க்கும் கணினியாசிரியர்க்கும் இடையிலுள்ள சுவர் இடிய வேண்டும்.

தட்டச்சுப்பொறிக்குத் தமிழை ஏற்றியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த முத்தையா. அவர் அமைப்பிற்கேற்பச் செருமனியில் பொறி உருவாக்கப்பட்டது. கணினிக்கும் இணையத்திற்கும் தமிழைக் கொண்டுசேர்த்த முன்னோடிகளுள் ஒருவர் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி. அவர் யார்? தமிழ் கற்பித்த ஆசிரியர், சிறுகதை எழுதியவர். பூங்குன்றனாரை நினைந்து தம் மென்பொருளுக்குக் "கணியன்" என்று பெயரிட்டார். 1995இல் தமிழ் எழுத்து இணையத்தில் ஏறியதில் அவர் பங்கு பெரிது. 1999இல் மறைந்தார். கணினி தமிழாசிரியர்க்கு அப்பாற்பட்டது என்று எவரேனும் கூறினால், இவ்வாசிரியர் பெயரைச் சொல்லுக.

அதே 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டி "தமிழ் 99" என்னும் விசைப்பலகை அமைப்பு அரசால் ஏற்கப்பட்டது. பன்னிரண்டு உயிர்க்கும் பதினெட்டு மெய்க்கும் ஆய்தத்திற்குமாக முப்பத்தொரு விசைகள். அவற்றைக்கொண்டே 247 எழுத்தும் எழுதலாம். மெய்க்குரிய விசையை அழுத்தினால் அகரமேறிய உயிர்மெய் தோன்றும். அதன்மேல் உயிர்விசையை அழுத்தினால் அவ்வுயிரோடு புணரும். இஃது எவ்விலக்கணம்? முதல் வகுப்பில் க் + ஆ = கா என்று சுண்ணக்கட்டியால் எழுதிக்காட்டிய அதே இலக்கணம்.

அதன் சிறப்பு இத்தோடு நில்லாது. "தங்கம்" என்று எழுத வேண்டின் த, ங, க, ம, புள்ளி என ஐந்தே அழுத்தம். ஙகரத்தையடுத்துக் ககரம் வந்தவுடன் ஙகரம் தானே புள்ளி பெற்று நிற்கும். ஏனெனில் ககரத்திற்கு இனம் ஙகரம். ஞச, ணட, நத, மப, னற என்பனவும் இவ்வாறே. ஒரே மெய் இருமுறை வந்தாலும் முன்னது தானே புள்ளி ஏற்கும்; அ, ம, ம, ஆ என நான்கு விசையில் அம்மா வந்துவிடுவாள். தொல்காப்பியர் நூன்மரபில் வகுத்த மெய்ம்மயக்கம் பொறிக்குள் புகுந்து பணிசெய்வதைக் காணும் மாணவன், இலக்கணம் வீணான மனப்பாடம் என்று இனிமேல் சொல்வானா? கிரந்த எழுத்துகளோ மாற்றுவிசையின் அடியில் கிடக்கின்றன. அங்கேயே கிடக்கட்டும்.

இத்தகைய அமைப்பு இருக்க, பள்ளிப் பிள்ளைகள் எவ்வாறு தமிழ் எழுதுகின்றனர்? ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழைப் பெறுகின்றனர். தங்கத்திற்கு ஏழெட்டு எழுத்து. ணகரத்திற்கும் னகரத்திற்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தாதலால், பெரியதை அழுத்து, சிறியதை அழுத்து என்று கற்பிக்கின்றனர். லகர ளகரங்களுக்கும் அதே நிலை. ழகரத்திற்கு ஆங்கிலக் கடைசி எழுத்தாம்! தமிழ் என்னும் பெயரிலேயே உறையும் ழகரத்தை, ஓர் ஆங்கில எழுத்தின் நிழலாகத் தமிழ்ப்பிள்ளை அறிமுகம் கொள்கின்றது. நாவை மடித்து ஒலிக்கும் ஒலியை அது எண்ணுவதில்லை. விரல் போகும் ஆங்கில விசையையே எண்ணுகின்றது. ஒலிப்பிழை மிகுகின்றதே என்று தமிழாசிரியர் வருந்துகின்றார். அவ்வொலி எங்கே தேய்கின்றதென்று கணினி அறைக்குள் சென்று பார்த்தாரா?

2011இல் தமிழ்நாட்டரசு மேனிலைப் பள்ளி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. ஏழைப்பிள்ளை கையில் பொறி வந்தது நன்றே. அதனைக் குறைகூறுவோர் தம் பிள்ளைக்கு விலைகொடுத்து வாங்கக் கூடியவரே. ஆனால் பொறி கொடுத்த கையோடு, பத்து விரலையும் தமிழ் விசைகளில் ஓட்டக் கற்பிக்கும் பயிற்சி ஒவ்வொரு பள்ளியிலும் நடந்திருக்க வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு பாடவேளை போதும். சில கிழமைகள் போதும். அதற்கு வேண்டியது அமைப்பைத் தாமே கற்ற ஆசிரியர் ஒருவர். ஆசிரியர் பலர் தாமே ஆங்கில எழுத்துவழித் தமிழ் அடிப்பவராயிருப்பதே இங்குள்ள முட்டுக்கட்டை. பயிற்சிக் கூடங்களில் அவர்க்கு அமைந்த வகுப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லாலேயே நடந்தன. கேட்டதையே அவர் பிள்ளைக்குத் திருப்பிச் சொல்கிறார். அவரைப் பழிப்பதால் ஆவதொன்றுமில்லை. அவரோடு அமர்ந்து, அச்சொல்லுக்கு இச்சொல் என்று வாய்விட்டுப் பழகுதலே வழி. முதல் நாள் நாக்கூசும். பத்தாம் நாள் கூசாது. "பேருந்து" என்னும் சொல்லும் ஒருகாலத்தில் நகைக்கப்பட்டதே. இன்று ஊர்தோறும் பேருந்து நிலையம் என்னும் பலகை நிற்கின்றது, நகைப்பாரைக் காணோம்.

ஆங்கிலம் கற்கவேண்டா என்று இங்கு யாரும் கூறவில்லை. மொழியாக அதனைக் கற்க, நன்றாகவே கற்க. சப்பானியரும் கொரியரும் தம்மொழியில் பொறியியல் கற்றே உலகிற்குப் பொறி விற்கின்றனர். வேண்டியபோது ஆங்கிலமும் பேசுகின்றனர். சமையற்கட்டில் நீர் எடுக்கவும் பக்கத்து வீட்டுக் குடத்தையே இரவல் கேட்கும் வீட்டுக்கு நல்ல பெயர் கிடைப்பதில்லை.

ஆகலின் வரும் கல்வியாண்டில், இங்குக் கூடியுள்ள ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் பள்ளியின் கணினி அறையில் முதல் வகுப்பைத் தாமே நடத்துக. தமிழாசிரியராயின் கணினியாசிரியரை உடனழைத்துக்கொள்க. கணினியாசிரியராயின் தமிழாசிரியரை அழைத்துக்கொள்க. ஆங்கில விசைகளின்மேல் ஒட்டுதற்குத் தமிழெழுத்துத் துண்டுகளை மாணவரைக்கொண்டே தாளில் வெட்டுவிக்கலாம், பசை போதும். பின்னர்த் தமிழ் 99 அமைப்பில் ஒவ்வொரு பிள்ளையும் முதலில் தன் பெயரை எழுதுக, அடுத்துத் தன் தாய் பெயரை, அதற்கடுத்து ஊர்ப்பெயரை. கீழ்வேளூரும் சோழவந்தானும் வாழப்பாடியும் திருக்கழுக்குன்றமும் திரையில் தோன்றும்போது, ழகரத்திற்குரிய விசை எங்குள்ளதென்று பிள்ளைகள் தாமே தேடிக் கண்டுகொள்வர்.